தேர்வு அறையில் கை ஏன் சில்லிடுகிறது?

பிளஸ் டூ பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுப்போம். வாசித்துப் பார்க்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். அறைக் கண்காணிப்பாளராக நிற்கும் நான் அந்தக் கால்மணி நேரமும் பிள்ளைகளையே கவனிப்பேன். கையெழுத்து வாங்கும்போது விரல் பட்டால் சில்லென்றிருக்கும். வாய் உலர்ந்து தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். காலையில் தின்ற இட்லி நெஞ்சிலேயே நிற்கிறது என்பாள் ஒருத்தி.

விலங்கியல் ஆசிரியை என்பதால் இதன் காரணத்தை வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். காட்டில் புலியைக் கண்ட ஆதிமனிதனுக்கு இரண்டே வழி: எதிர்த்து நிற்பது, இல்லையேல் ஓடுவது. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா எச்சரித்ததும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் படபடக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து, கால் தசைகளுக்குப் பாய்கிறது. அதனால்தான் கை சில்லிடுகிறது. உயிர் தப்ப ஓடும் நேரத்தில் செரிமானம் எதற்கு? எச்சில் வற்றுகிறது, இரைப்பை வேலையை நிறுத்துகிறது. ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் கேனன் எக்ஸ்ரே வைத்துப் பூனைகளை ஆராய்ந்தபோது, அவை மிரண்டதும் இரைப்பையின் அசைவு நின்றுபோனதைக் கண்டார். இந்த உடல் மாற்றங்களை விளக்கி 1915-இல் நூலே எழுதினார்.

புலி போய்விட்டால் உடம்பு அடங்கிவிடும். தேர்வு பயமோ மாதக்கணக்கில் நீள்கிறது. டியூஷன், மாதிரித் தேர்வு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் ஓயாமல் சுரக்கிறது. தூக்கம் கெடுகிறது. கார்டிசால் மிகும் வேளையில், படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதும் கடினமாகிறது. “எல்லாம் மறந்துபோச்சு மிஸ்” என்று அழுத மாணவிக்கு அறையை விட்டு வெளியே வந்ததும் விடை நினைவுக்கு வருவது இதனால்தான்.

இதைத் தணிக்க வழி மூச்சில் இருக்கிறது. வகுப்பில் எல்லோரையும் மணிக்கட்டில் நாடி பிடிக்கச் சொல்வேன். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். மெல்ல விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். விரலடியில் அதை உணரும்போது பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிடுகிறது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: தேர்வு நாள் காலையில் மதிப்பெண் பேச்சை எடுக்காதீர்கள். “படபடப்பு வந்தா பயப்படாதே, எல்லாருக்கும் வரும், மூச்சை மெதுவா விடு” என்று சொல்லி அனுப்புங்கள்.