அட்லாண்டிக்கின் மேலே, அன்றும் இன்றும்

1977 நவம்பரில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கான்கார்ட் என்ற பயணிகள் விமானம் பறக்கத் தொடங்கியது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். மூன்றரை மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடும். உயரம் பிடித்துச் சீராகப் பறக்கும்போதே மணிக்குச் சுமார் 20 டன் எரிபொருள் குடித்தது, இருக்கைகளோ நூறுதான். இன்று அதே தடத்தில் போகும் போயிங் 787, இருநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, மணிக்கு ஐந்தரை டன்னோடு நிறுத்திக்கொள்கிறது. பயணம்தான் ஏழு மணி நேரம்.

அன்று விமானிகள் இருவருக்குப் பின்னால் ஃபிளைட் எஞ்சினியர் ஒருவர் இருப்பார். வேகம் கூடும்போது இறக்கையின் தூக்குவிசை மையம் பின்னுக்கு நகரும். அதற்கு ஈடாக, முன் தொட்டிகளின் எரிபொருளை வால்பக்கத் தொட்டிக்கு அவர் பம்ப் செய்வார். வேகம் தணிகையில் திரும்ப முன்னுக்கு. எடை குறையக் குறைய விமானம் 60,000 அடி வரை மெல்ல ஏறிக்கொண்டே போகும். பகலிலேயே வானம் கருநீலமாகும், பூமியின் வளைவு ஜன்னலில் தெரியும். 2003இல் அது நின்றது. நின்றது நியாயமே என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியை இனி எந்தப் பயணச்சீட்டும் வாங்கித் தராது என்பதில் வருத்தமும் உண்டு.

இன்றைய சிக்கனத்தில் பெரும்பங்கு எஞ்சினின் முன்விசிறிக்குச் சேரும். 1958இல் வந்த போயிங் 707இன் முதல் எஞ்சின்களில், உள்ளே நுழைந்த காற்றெல்லாம் எரிகலன் வழியாகவே போனது. 787இலோ ஒரு பங்கு உள்ளே போனால், ஏறக்குறைய ஒன்பது பங்கை விசிறி வெளிப்புறமாகத் தள்ளிவிடுகிறது. இரைச்சலும் குறைந்தது.

மாறாதது ஒன்று: ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சேவையில் இருந்த கான்கார்டுகள் மொத்தமே 14. இன்றைய சிக்கன விமானங்கள் பல்லாயிரம். 2019இல் விமானப் போக்குவரத்து வெளியிட்டது 90 கோடி டன்னுக்கு மேல். ஓர் இருக்கைக்கு மிச்சமானதைக் கூட்டம் விழுங்கிவிட்டது.

சிக்கனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வெப்பத்தை வீணாக்காத எஞ்சினின் புகை குளிர்ந்து வருவதால், ஈரக்குளிர்க் காற்றில் வெண்கோடு எளிதாக விழுகிறது. அது பரவி முகிலானால், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். இரண்டாயிரம் அடி இறங்கிப் பறந்தால் பல சமயம் கோடு விழாது. ஆனால் அங்கே காற்று அடர்த்தி, எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.