முட்டை ஒண்ணுதான், தீனிதான் ராணியாக்குது

குற்றாலம், தென்காசிப் பக்கம் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறவங்களுக்குத் தெரியும்: ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருது. ராணியாகப்போகிற புழுவுக்குக் கடைசிவரை ராயல் ஜெல்லி. மற்ற புழுக்களுக்கு மூணு நாள்தான் அது. பிறகு தேனும் மகரந்தமும்.

மரபணு மாறுவதில்லை. அதன்மேல் 'மீத்தைல்' என்கிற ரசாயன முத்திரை விழும் இடம் மாறுது. அதைப் பொறுத்து மரபணுவின் வேலை கூடும், குறையும். 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் புழுக்களில் முத்திரை விழுவதைக் குறைத்தார்கள்; பெரும்பாலானவை ராணிகளாக வந்தன.

மனுசருக்கும் இது உண்டு. 1944-45 குளிர்காலத்தில், போரின்போது நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவானவங்களை அறுபது வருசம் கழித்துச் சோதித்தால், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் முத்திரை உடன்பிறந்தவங்களைவிடக் குறைவு. பஞ்சக் காலத்தில் கருவிலிருந்தவங்களுக்குச் சர்க்கரைக் கோளாறும் அதிகம்.

ஆக, நோய்க்குப் பரம்பரை மட்டுமே காரணமில்லை. தாய் சாப்பிட்டதும் கணக்கில் வருது. மீத்தைல் முத்திரைக்கு உடம்புக்குப் போலேட் சத்து வேணும். அது கீரையிலும் பயறிலும் இருக்கு. நல்ல விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக் கர்ப்பிணிக்கு வெறுஞ்சோறு போடாதீங்க. டாக்டர் தரும் மாத்திரையோடு, முதல் பறிப்புக் கீரை அவங்க தட்டுக்குப் போகட்டும்.