எஃப்1-ன்னா என்னங்கண்ணா? விதைக்காரர்களின் சுருக்கப் பேச்சைப் புரிந்துகொள்வோம்

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒருநாள், எங்கள் தெருவில் புதிதாக மாடித்தோட்டம் போட்ட தங்கச்சி ஒருவர் செல்பேசியோடு வீட்டுக்கு வந்தார். விதை பரிமாறும் நண்பர் ஒருவரிடமிருந்து அவருக்கு இப்படி ஒரு செய்தி வந்திருந்தது: "ஓ.பி. வெண்டை, ஓ.பி. கத்தரி இருக்கு. தக்காளி எஃப்1 மட்டும்தான். டி.டி.எம். 60. எஸ்.ஏ.எஸ்.இ. அனுப்பினா விதை வரும்."

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் ஏதாச்சும் மருந்துப் பேருங்களா?" என்று கேட்டார்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. காரணம், எட்டு வருசத்துக்கு முன்னால் இதே எஃப்1 என்னைத் தலைகுனிய வைத்தது.

அப்போது கடையில் ஒரு தக்காளி விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டேன். காய் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். பார்க்கவே ஆசையாக இருந்தது. பாக்கெட்டின் மூலையில் எஃப்1 என்று போட்டிருந்தது. ஏதோ 'முதல் தரம்' என்று குறித்திருக்கிறார்கள் என நானாகவே நினைத்துக்கொண்டேன். நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்தேன். "நம்ம வீட்டு விதைங்க, தைரியமாப் போடுங்க" என்று வேறு சொன்னேன்.

அடுத்த பட்டத்தில் ஒரு செடி பெரிய காயாகக் காய்த்தது, பக்கத்துச் செடி நெல்லிக்காய் அளவுக்குக் காய்த்தது. இன்னொன்று தழைந்ததே தவிர காய் பிடிக்கவில்லை. சிலதில் இலை சுருண்டுபோனது. வாங்கினவர்களில் ஒருவர் என் பேச்சை நம்பி இருபது சென்டில் நாற்று நட்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைங்க, விடுங்க" என்றார். அது இன்னும் உறுத்துகிறது.

இரண்டு எழுத்துக்கு அர்த்தம் கேட்காததால் அவருக்கு ஒரு பட்டம் போனது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிள்ளையும் பேரனும்

எஃப்1-ல் உள்ள 'எஃப்', பிள்ளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியாக வந்தது. எஃப்1 என்றால் முதல் தலைமுறைப் பிள்ளை. இரண்டு வேறு வேறு ரகங்களைத் தாய், தந்தையாக வைத்துச் சேர்த்தால் கிடைப்பது அது. இந்தக் குறியீட்டை 1902-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பேட்சன், சாண்டர்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள். ஆனால் சங்கதியைக் கண்டுபிடித்தவர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ந்து, 1866-ல் அதை எழுதி வெளியிட்டார்.

அவர் நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தார். பிள்ளைகள் எல்லாம் நெட்டை. அந்தப் பிள்ளைகளிடமிருந்து விதை எடுத்துப் போட்டார். பேரன்களில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்ற கணக்கில் பிரிந்து வந்தது. என் தக்காளியில் நடந்ததும் இதுதான். எஃப்1 ஒரே சீராக இருக்கும், அதன் விதையில் வரும் எஃப்2 கலைந்துபோகும். ஆகவே எஃப்1 என்பது தரக் குறியீடு இல்லை. "இந்தச் செடியிலிருந்து விதை எடுத்தால் இதே குணம் வரும் என்று நம்பாதே" என்ற எச்சரிக்கை.

தமிழில் இதை 'வீரிய ஒட்டு ரகம்' என்பார்கள். இந்த 'ஒட்டு' வேறு, ஒட்டு மாங்கன்றின் 'ஒட்டு' வேறு. மாவில் கிளையை வெட்டி ஒட்டுகிறோம். இங்கே மகரந்தத்தைச் சேர்க்கிறார்கள்.

ஓ.பி. என்றால் நாட்டு விதையா?

ஓ.பி. என்பது காற்றும் பூச்சியும் செய்யும் இயல்பான மகரந்தச் சேர்க்கையில், அல்லது செடி தன் பூவுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் சேர்க்கையில் தன் குணம் மாறாமல் வரும் ரகம். இதில் விதை எடுக்கலாம். ஆனால் இரண்டு விசயங்களைக் கவனிக்கணும்.

ஒன்று, ஓ.பி. எல்லாமே நாட்டு விதை ஆகிவிடாது. பி.கே.எம். 1 தக்காளி பெரியகுளத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். ஆனாலும் அதில் விதை எடுத்துப் போடலாம், அதே குணத்தில் வரும்.

இரண்டு, ஓ.பி. என்று எழுதிவிட்டால் மட்டும் விதை சுத்தமாகிவிடாது. தக்காளி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்க்கையை முடித்துக்கொள்ளும். சுரை, பூசணி, பீர்க்கு அப்படி இல்லை, தேனீ போன்ற பூச்சிகளை நம்பியவை. உங்கள் மாடியில் நீளச் சுரை, பக்கத்து மாடியில் குண்டுச் சுரை என்றால், தேனீ நடுச்சுவரைப் பார்க்காது. விதை கலந்துவிடும். வெண்டையும் ஓரளவு கலக்கும். ஆகவே ஓ.பி. என்று யாராவது கொடுத்தால், "பக்கத்துல வேற ரகம் இருந்துச்சுங்களா? பூவைக் கட்டி வச்சு எடுத்தீங்களா?" என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எஃப்1 வேறு, ஜி.எம். வேறு. ஜி.எம். என்பது ஆய்வகத்தில் மரபணுவை மாற்றிய விதை. எஃப்1 எல்லாவற்றையும் மரபணு மாற்றுப் பயிர் என்று சொன்னால் நம் வாதம்தான் பலவீனமாகும். அதேசமயம் நம் நாட்டில் விற்கும் பி.டி. பருத்தி விதை பெரும்பாலும் ஜி.எம்., எஃப்1 என இரண்டுமாகவே வருகிறது.

ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம்

பி.டி. என்பது ஒரு மண் பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். அந்தப் பாக்டீரியாவையே தூளாகவோ திரவமாகவோ கரைத்து, இலை தின்னும் புழுவுக்குத் தெளிப்பது உண்டு. அது உயிரியல் பூச்சி விரட்டும் முறைகளில் ஒன்று. ஆனால் பி.டி. பருத்தி என்பது அந்தப் பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்தியது. 2002-ல் இந்தியாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒன்று தெளிப்பு, இன்னொன்று விதை. "பி.டி. போட்டேன்" என்று யாராவது சொன்னால் எதைப் போட்டார் என்று கேட்காமல் சண்டைக்குப் போகவேண்டாம்.

ஈ.சி.யும் அப்படித்தான். மண் பரிசோதனைச் சீட்டில் ஈ.சி. என்றால் மண்ணில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் எண். அது 1-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பயிருக்குத் தொல்லை இல்லை. மருந்துப் புட்டியில் ஈ.சி. என்றால், தண்ணீரில் ஊற்றினதும் பால்போலக் குழம்பாகும் திரவ மருந்து என்று பொருள். ஒரு இடத்தில் அளவு, இன்னொரு இடத்தில் வடிவம்.

சீட்டில் அடுத்து வருவது பி.எச். 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். இதில் ஒரு சூட்சுமம்: 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் ஒன்று இல்லை, பத்து மடங்கு. "ஒரு பாயின்ட்தானே கூட" என்று விட்டுவிடக்கூடாது.

நாள் கணக்குச் சுருக்கங்கள் இன்னும் ஆபத்து. டி.ஏ.எஸ். என்றால் விதைத்த பின் நாள். டி.ஏ.டி. என்றால் நட்ட பின் நாள். "30-ம் நாள் களை எடு" என்று எழுதியிருந்தால் எந்த 30? 25 நாள் நாற்றை நட்டவருக்கு, விதைத்ததிலிருந்து 30 என்றால் நட்ட ஐந்தாம் நாள். நட்டதிலிருந்து 30 என்றால் விதைத்த 55-ம் நாள். நெல் ரகத்துக்கு 135 நாள் என்று சொல்லும்போது நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்தே கணக்கு. தங்கச்சிக்கு வந்த டி.டி.எம். முதல் அறுவடைக்கு ஆகும் நாள். வெண்டைக்கு அதை விதைத்ததிலிருந்தும், நாற்று விட்டு நடும் தக்காளி, கத்தரிக்குப் பெரும்பாலும் நட்டதிலிருந்தும் எண்ணுவார்கள். அதையும் கேட்டுக்கொள்ளணும்.

எஸ்.ஏ.எஸ்.இ. பார்க்கத்தான் பயமாக இருக்கும். நம் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி உள்ளே வைத்து அனுப்பும் உறை, அவ்வளவுதான்.

எழுத்துக்குள் ஒளிந்த ஊர்கள்

சில சுருக்கங்களை விரித்துப் பார்த்தால் நம் ஊர்களே வெளியே வருகின்றன. ஏ.டி.டி. என்பது ஆடுதுறை. அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. கோ என்பது கோயம்புத்தூர். டி.கே.எம். திரூர்குப்பம், ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.பி.எஸ். திருப்பதிசாரம், பி.எம்.கே. பரமக்குடி. நிலக்கடலையில் வரும் வி.ஆர்.ஐ. விருத்தாசலம், டி.எம்.வி. திண்டிவனம். ஆந்திரத்துப் பாபட்லாதான் நாம் 'பி.பி.டி. பொன்னி' என்று சொல்லும் 5204-ன் பி.பி.டி.

ஐ.ஆர். என்பது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்களுக்கு வைக்கும் பெயர். ஆனால் ஐ.ஆர். 20 நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்று நம்ம டி.கே.எம். 6. வெளிநாட்டு எழுத்தை விரித்தால் உள்ளே திரூர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். வெறும் எண்ணாகப் பார்த்தால் இந்த வரலாறு எதுவும் தெரியாது.

மூட்டையில் கட்டியிருக்கும் அட்டையையும் படிக்கணும். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். டி.எல். என்று போட்டு வரும் பச்சை அட்டை, உண்மைநிலை விதை. அதற்கு அரசு சான்று இல்லை, விற்பவரே தன் பொறுப்பில் எழுதித் தருவது. பச்சை அட்டை என்பதால் மட்டும் விதை மோசம் என்று ஆகாது. ஆனால் நீல அட்டை என்று நினைத்து வாங்கக்கூடாது.

நாம மட்டும் யோக்கியமா?

மற்றவர்கள் பேச்சைக் குறை சொல்வது எளிது. நம் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் காதில் நம் பேச்சு எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

"மீன் அமிலம் அடிங்க" என்கிறோம். ஒரு அம்மா பயந்துபோய் அந்தப் பக்கமே போகவில்லை. "ஆசிட் ஊத்தினா செடி கருகிடாதுங்களா?" என்று கேட்டார். மீன் கழிவும் வெல்லமும் சேர்த்து நொதிக்கவைத்த கரைசல் அது. 'அமினோ அமிலம்' என்ற சொல்லில் பாதியை நாம் விழுங்கிவிட்டோம்.

"பஞ்சகவ்யா மூணு பர்சென்ட்" என்கிறோம். புதியவர் பத்து லிட்டர் டேங்கில் மூன்று லிட்டர் ஊற்றினாலும் ஆச்சரியம் இல்லை, மூன்று மூடி ஊற்றினாலும் ஆச்சரியம் இல்லை. "பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி" என்று சொன்னால் யாருக்கும் தப்பு வராது. உயிர் உரப் பாக்கெட்டில் பி.எஸ்.பி., வேம், சி.எஃப்.யு. என்று இருக்கும். முதலாவது மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாக்டீரியா. இரண்டாவது வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. மூன்றாவது உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது என்ற எண்ணிக்கை. உயிர் என்பதால்தான் வெயிலில் வைக்கக்கூடாது, காலாவதித் தேதி பார்க்கணும் என்கிறோம். இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் யாரும் பாக்கெட்டை வண்டிப் பெட்டியில் வேகவைக்க மாட்டார்கள்.

இனி என்ன செய்யலாம்?

தெரியாத சுருக்கம் வந்தால் யூகிக்காதீர்கள், கேளுங்கள். கேட்பது ஒரு நிமிச வெட்கம், கேட்காவிட்டால் ஒரு பட்டம் நட்டம். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டு அர்த்தத்தையும் எழுதுங்கள்.

தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் பொறுப்பு. விதை கொடுக்கும்போது பொட்டலத்தில் முழுசாக எழுதுங்கள்: என்ன ரகம், எந்த ஊரில் யாரிடம் வாங்கியது, எந்த மாதம் எடுத்தது, பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா, மறுபடி விதை எடுக்கலாமா கூடாதா. ஐந்து வரிதான். அந்த ஐந்து வரி எட்டு வருசத்துக்கு முன்னால் என் பொட்டலத்தில் இருந்திருந்தால், எழுதும்போதே எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

தை மாதம் அந்தத் தங்கச்சி தன் கத்தரியில் எடுத்த விதையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பொட்டலத்தின் மேல் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: "வரிக் கத்தரி. பக்கத்துல பச்சைக் கத்தரி இருந்துச்சு, கலந்திருக்கலாம். பத்துச் செடி மட்டும் போட்டுப் பாருங்க. நல்லா வந்தா அப்புறம் மத்தவங்களுக்குக் குடுங்க."

ஒரு சுருக்கம்கூட இல்லை. பத்துச் செடி போட்டிருக்கிறேன்.