பி.டி. பருத்தி பலன் தர ஓர வரிசையும் வேண்டும்

பருத்தி விவசாயிகளுக்குக் காய்ப்புழு புதிய எதிரி அல்ல. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்காத பச்சைக் காய்ப்புழுவால் கடன்பட்டவர்கள் பலர். அந்த நிலையில்தான் 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு பி.டி. பருத்தியை அனுமதித்தது. நம் நாட்டில் சாகுபடிக்கு வந்த முதல் மரபணு மாற்றுப் பயிர் இதுவே. ஆனால் இன்று, "பி.டி. காயிலும் புழு இருக்கிறதே, இது ஏமாற்று விதையா?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்லாமல், மரபணு மாற்றுப் பயிர்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறுவது முறையாகாது.

பி.டி. என்றால் என்ன?

மண்ணில் இயற்கையாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயரே பி.டி. இது உண்டாக்கும் ஒருவகைப் புரதம், தின்ற புழுவின் குடல் சுவரைச் சிதைக்கிறது. புழு தீனி எடுக்காமல் சில நாட்களில் மடிகிறது. இப்புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்திருப்பதால் பருத்திச் செடியே அதைத் தயாரித்துக் கொள்கிறது.

தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை இது கட்டுப்படுத்தாது. வாடல் நோயையும் வறட்சியையும் தடுக்காது. இது முளைக்காத மலட்டு விதை என்று சிலர் சொல்வது சரியன்று, விதை முளைக்கும். ஆனால் நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைகள். அவற்றிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் செடிகள் ஒரே சீராக இரா, விளைச்சலும் குறையும்.

புழு தப்பியது எப்படி?

ஆயிரமாயிரம் புழுக்களில் ஒன்றிரண்டு இப்புரதத்தைத் தாங்கும் தன்மையுடன் பிறக்கும். அருகில் சாதாரணப் பருத்தி இருந்தால், அதில் வளர்ந்த அந்துப்பூச்சிகளுடன் இவை இணையும். அப்படிப் பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் பி.டி. செடியைத் தின்று மடியும். எங்கும் பி.டி. மட்டுமே இருந்தால், தாங்கும் புழுக்கள் தமக்குள் இணைந்து அந்த இனமே பெருகிவிடும்.

இதற்காகவே 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு விதைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பலர் அப்பொட்டலத்தை எறிந்துவிட்டனர். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. அது எதற்கு என்பதை என்னைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் அழுத்தமாகச் சொல்லவில்லை.

விளைவு, ஒரு மரபணுப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்குவது 2010-இல் குஜராத்தில் உறுதியாயிற்று. 2006-இல் வந்த இரு மரபணுப் பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் இப்புழுவிடம் வலுவிழந்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் இதே புழு உண்டு. அங்கு 1996 முதல் பி.டி. பருத்தியுடன் சாதாரணப் பருத்தியையும் விதிப்படி பயிரிட்டனர். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டனர். 2018-இல் தங்கள் நாட்டுப் பருத்தி வயல்களில் இப்புழு ஒழிந்தது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. மரபணு ஒன்றுதான், கையாண்ட முறைதான் வேறு.

இப்போது செய்ய வேண்டியவை

1. அனுமதி பெற்ற விதையை ரசீதுடன் வாங்கவும். இப்போது 475 கிராம் பொட்டலத்திலேயே சாதாரண விதையும் கலந்துள்ளது. ஆகவே சில செடிகளில் புழு கண்டால் விதை போலி என்று எண்ண வேண்டாம்.

2. விதைத்த 45-ஆம் நாளிலிருந்து ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும். பொறிக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று நாட்கள் விழுந்தால் மருந்தடிக்கும் தருணம் எனக் கொள்ளவும்.

3. ரோஜாப்பூப் போல் சுருண்டு விரியாத பூக்களைப் பறித்து அழிக்கவும். வாரந்தோறும் 20 பச்சைக் காய்களைப் பிளந்து பார்க்கவும். இரண்டில் புழு இருந்தாலும் மருந்து அவசியம்.

4. கடைசி எடுப்பு முடிந்ததும் மறுதாம்பு விடாமல், ஆடு மாடுகளை மேயவிட்டுச் செடிகளை வேரோடு அகற்றவும். காயுடன் கூடிய பருத்திமாறு வயலோரம் அடுக்கிக் கிடந்தால், புழு அதில் தங்கி அடுத்த பட்டத்தைத் தாக்கும்.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

பி.டி. கத்தரிக்கு 2009-இல் நிபுணர் குழு ஒப்புதல் தந்தும், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. 2013-இல் அனுமதித்த வங்கதேசமோ, விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளும் ரகங்களாக அதைத் தந்தது. நம் விவசாயியும் புதிய பயிர்களை நம்ப வேண்டுமானால், ஆய்வு முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். வீரிய ஒட்டு மட்டுமின்றி ரகங்களையும் தர வேண்டும். பயிரின் பயனோடு அதன் எல்லையையும் விதைப்புக்கு முன்பே சொல்ல வேண்டும்.

நல்ல விதை பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி, ஓர வரிசையில் தொடங்கிப் பருத்திமாறு அகற்றும் வரை, விவசாயியின் கையில் இருக்கிறது.