உங்களுக்குத் தெரியுமா? கீறலை விட வில்லைத் தூசியே பொல்லாதது

நல்லூர் வீதிப் புழுதியில் ஓடும் காரில் பாட்டு தடக்கினால், பழி இறுவட்டின் கீறலுக்கே போகும். ஆனால் லேசர்க் கதிர் வட்டின் அடிப்பரப்பில் நுழையும்போது அதன் அகலம் சுமார் 0.8 மில்லிமீற்றர், 1.2 மில்லிமீற்றர் தடிப்பைக் கடந்து பதிவைத் தொடுகையில் 2 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. ஆகவே சிறு கீறல் மறைப்பது கதிரின் ஒரு கீற்றைத்தான். பாட்டுப் பெட்டியின் லேசர் வில்லையில் படியும் தூசியோ எந்த வட்டைப் போட்டாலும் ஒளியை மங்கச் செய்யும்.

கீறல் தடக்காதா என்றால், ஆழமானது தடக்கும். ஆனால் அந்த வட்டில், அதே இடத்தில் மட்டும். கடையில் வாங்கிய அச்சு வட்டு பாட, முன்பு பாடிய மீள எழுதும் வட்டு மட்டும் மறுத்தால்? அது கால் பங்கு ஒளியைக்கூடத் திருப்பாது. மங்கிய வில்லை முதலில் தோற்பது அதனிடமே. பெட்டியை மாற்றுமுன் வில்லையைத் துடைத்துப் பாருங்கள்.