பெருங்கடைக்கு எது இடம்?

பெரிய கடைகளைப் புறவழிச்சாலைப் பக்கம் தள்ளிவிட்டால் ஊருக்குள் நெரிசல் குறையும் என்ற வாதம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் அதைச் செய்தும் பார்த்தார்கள். டட்லி நகருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, 1982-ல் மூடப்பட்ட ரவுண்ட் ஓக் உருக்காலை வட்டாரத்தில், வரிச்சலுகையோடும் தளர்த்திய அனுமதி விதிகளோடும் மெர்ரி ஹில் வணிக வளாகம் எழுந்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், செயின்ஸ்பரி போன்ற கடைகள் டட்லி கடைத்தெருவைக் காலிசெய்து அங்கே போயின. கூட்டத்தை இழுத்துவந்தவை போனதும், அந்தக் கூட்டத்தை நம்பியிருந்த சின்னக் கடைகள் படுத்துவிட்டன. 1996-ல் அரசு விதியை இறுக்கியது: பெருங்கடைக்கு முதலில் நகர மையத்தில் இடம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மையத்தை ஒட்டி, அதுவும் இல்லாதபோதுதான் வெளியே.

மையத்தில் வைத்ததன் லட்சணம் தி.நகர் ரங்கநாதன் தெருவில் தெரியவில்லையா என்று சென்னைவாசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையின் ஏழு மாடி ஜவுளிக்கடையில் பற்றிய தீ மறுநாளும் எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் தி.நகரின் கோளாறு இடத்தில் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. அனுமதிக்கு மேல் மாடி எழுப்பு, சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விழுங்கு, பிறகு பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள் என்பதற்கு 1998-ல் நகரமைப்புச் சட்டத்திலேயே 113-ஏ பிரிவைச் சேர்த்து வழிவிட்டோம். 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு மட்டும் என்றார்கள். அதன் பிறகும் விதிமீறல் நின்றபாடில்லை, 2011-ல் கடைகளுக்குச் சீல் வைக்கும் அளவுக்குப் போனது. இடம் என்று பார்த்தால் தி.நகர் அருமையான இடம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகக் கடைக்குப் போகலாம். மாடிக் கடையில் பட்டுப்புடவை எடுத்தவர், வெளியே வந்ததும் பிளாட்பாரத்தில் ஹேர்பின்னுக்கும் வளையலுக்கும் பேரம் பேசுகிறார். புறவழிச்சாலை வளாகத்தில் தரைக்கடியில் காரை நிறுத்திவிட்டு லிஃப்டில் ஏறுகிறவரால் பிளாட்பாரக்காரருக்கு ஒரு ரூபாய் வியாபாரம் ஆகாது.

மையத்தில் நிலம் விலை அதிகம், அது பொருளின் விலையில் ஏறும் என்பது வணிகர்களின் வாதம். குடோனை வெளியே வைத்துக்கொள்ளட்டும், யார் தடுத்தது? புறநகர் நிலம் மலிவாக இருப்பதே அங்கே பஸ்ஸும் வடிகாலும் சரிவர இல்லாததால்தான். அவற்றைப் பின்னால் போட்டுத் தருவது வரிப்பணம். ரயிலும் பஸ்ஸும் கூடுகிற இடம், தீயணைப்பு வண்டி சுற்றிவரும் அகலம் இரண்டும் இருந்தால் தாம்பரத்திலும் வேளச்சேரியிலும்கூட தாராளமாக அனுமதிக்கலாம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடம் தி.நகரின் பனகல் பூங்கா வழியாக அமைகிறது. எத்தனை அடித் தெருவில் எவ்வளவு பெரிய கடை என்பதை, அந்த வட்டாரத்தில் அடுத்த கட்டட வரைபடம் ஒப்புதலுக்கு வருமுன் எழுதி வைத்தாக வேண்டும்.