மூக்குக்குள் ஓர் ஈயக்குண்டு

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுக்கும் ஜெட் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

1959இல் இலங்கை விமானப்படைக்கு வந்த ஜெட் விமானம், ஜெட் புரவோஸ்ட். அதைச் சாண் நீளம்கூட வராத பிளாஸ்டிக் மாதிரியாக ஒட்டிச் செய்கிறவர்கள் உண்டு. ஆசையாகச் செய்து மேசையில் வைத்தால், முன்சில்லு அந்தரத்தில் தூக்கி நிற்கும், வால் மேசையில் குந்திவிடும்! அசல் விமானத்தின் மூக்கில் கருவிகளின் பாரம் இருக்கிறது. மாதிரியின் மூக்கோ வெறும் கூடு. அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் பொருத்த முன்னமே மூக்குக்குள் ஈயத்தை வைத்துப் பசையால் இறுக்கிவிட வேண்டும். பொருத்திய பிறகு நினைவு வந்து பயனில்லை.

அரியாலைக் கடனீரேரியில் தூண்டில் போடுவோரிடம் இருக்கும் சின்னக் குண்டே போதும். ஈயம் தொட்ட கையை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள், பிள்ளைகளே!